விடட்டுமா கண்ணு?

உண்மையைச் சொல்லுங்க பாஸ். உங்களுக்கு நீச்சல் தெரியுமா? தீம் பார்க்ல இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு 'ஹோ'ன்னு கத்துறதெல்லாம் கணக்குல வராது. காலுக்குக் கீழே தரை இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் சிரிச்ச முகமா இருக்க முடியுமா? அதான் கேள்வி.

என் பதிலை முதல்ல சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை முதல் அட்டெம்ப்ட்லயே தூக்கினவன். மிதக்கிற பொருள் ஏன் கவிழாம நிக்குதுன்னு மெட்டாசென்டர் படம் போட்டு 13 மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதிட்டு வந்தவன். ஆனா முட்டிக்கு மேல தண்ணி வந்தா ஆள் டரியல்.

கொஞ்சம் கொசுவத்திச் சுருளைச் சுத்திக்கிறேன். எனக்கு எட்டு வயசு. விழுப்புரம் பக்கம் எங்க ஊர்ல ஒரு பம்ப்செட் கிணறு. சித்தப்பா தண்ணிக்குள்ள இருந்த படியில நின்னுக்கிட்டு, "வாடா, நான்தான் புடிச்சுக்குறேன்ல... விட மாட்டேன்"னு கையை நீட்டினார். நம்பி இறங்கினேன். வயித்துக்குக் கீழே அவர் கை இருந்தது. ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கை இல்லை. சொல்லவே இல்லை, எடுத்துட்டார். மூக்கு, வாய், காது எல்லா வழியாவும் கிணறு உள்ளே வந்துச்சு. பத்து செகண்ட்ல தூக்கிட்டாங்க. இருமிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா, கிணத்து மேட்டுல இருந்த அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. சித்தப்பாவும்தான்.

அவர் கெட்டவர் இல்லைங்க. எனக்கு முதல் சைக்கிள் வாங்கிக் குடுத்ததே அவர்தான். ஆனா அந்த சைக்கிளைப் பழகும்போது, 'பின்னாடி புடிச்சிருக்கேன்'னு அவர் சொல்லச் சொல்ல நான் திரும்பித் திரும்பிப் பார்த்து ரெண்டு தடவை வேலியில கொண்டு போய் விட்டேன்.

காலேஜ் சேர்ந்த பிறகு கோவையில ஒரு நீச்சல் குளத்துல பணம் கட்டிப் பார்த்தேன். கோச் கரையில நின்னு விசில் ஊதி 'ஜம்ப்'னார். மூணாம் நாள், டவல் நனையாமலேயே ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்துட்டேன். இதையெல்லாம் ஒரு ராத்திரி ரூம்மேட்கிட்ட உளறித் தொலைச்சேன். அவன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரன். ஆச்சரியம், கலாய்க்கலை. "செமஸ்டர் முடியட்டும்டா. எங்க அம்மாயிகிட்ட கூட்டிட்டுப் போறேன்"னான். கொங்குப் பக்கம் அம்மாயின்னா அம்மாவோட அம்மா.

அப்படித்தான் மே மாசம் ரெண்டாவது வாரம் காந்திபுரத்துல பஸ் ஏறினோம். அவிநாசி, பெருமாநல்லூர், குன்னத்தூர், கோபி. ரெண்டரை மணி நேரம். குன்னத்தூர் தாண்டுற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பனைமரமும் வேலிக்காடும் செம்மண்ணுமா காய்ஞ்சு கிடக்கும். கோபியை நெருங்க நெருங்க யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி பச்சை. பவானி ஆத்துல கொடிவேரி அணைக்கட்டு, அதுல இருந்து பிரியிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள்... நெல்லும் வாழையும் தென்னையுமா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். எத்தனையோ படத்துல ஹீரோ துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்த வரப்பெல்லாம் இந்தப் பக்கத்து வரப்புதான். நீங்க டூர் போனீங்கன்னா கொடிவேரியில குளிச்சுட்டு மீன் வறுவல் சாப்பிட்டுட்டு வருவீங்க. நாங்க அந்தப் பக்கம் போகலை. டவுன் பஸ் மாறி, தெற்கே கீழ்பவானி வாய்க்கால் ஓரமா இருக்கிற ஒரு தோட்டத்துக்குப் போனோம்.

இந்த வாய்க்காலைப் பத்தி ரெண்டு வரி சொல்லியே ஆகணும், ஏன்னா இது இல்லைன்னா அம்மாயியோட கிணறும் இல்லை. 1955-ல கட்டி முடிச்ச பவானிசாகர் அணையில இருந்து கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடுது. வழக்கமா ஆகஸ்ட் நடுவுல திறப்பாங்க. அப்புறம் தை பிறக்கிற சமயத்துல கடலை, எள்ளுக்காக இன்னொரு தடவை. கரை பெரும்பாலும் மண் கரைங்கிறதால தண்ணி கசிஞ்சு கசிஞ்சு சுத்துப்பட்டுக் கிணறுகளை நிரப்பிடும். இந்தக் கரைக்கு கான்க்ரீட் போடணும்னு ஒரு தரப்பும், போட்டா எங்க கிணறு செத்துடும்னு இன்னொரு தரப்பும் போராட்டம் வரைக்கும் போயிருக்காங்க. கடைமடைக்காரங்களுக்கும் தண்ணி போய்ச் சேரணுமே, அதுவும் நியாயம்தான். அம்மாயி எந்தக் கட்சின்னு அவங்க கிணத்தை எட்டிப் பார்த்தாலே தெரிஞ்சுடும். வாய்க்காலை அடைச்சு ரெண்டு வாரம் ஆகியும், 50 அடிக் கிணத்துல பாதிக்கு மேல தண்ணி. பச்சையா, அசையாம, எனக்காகவே காத்திருக்கிற மாதிரி.

சதுரக் கிணறு. பாறையை வெட்டி எடுத்தது. ஒரு பக்கச் சுவர்ல கல்லை நீட்டி வெச்சு படி. கடைசி நாலு படி தண்ணிக்குள்ள. மேட்டுல மோட்டார் ரூம், ஒரு வேப்பமரம், மரத்துல வரிசையாத் தொங்குற மஞ்சள் கேன்கள். அஞ்சு லிட்டர் கடலை எண்ணெய் கேன்தான், நல்லாக் கழுவி மூடி இறுக்கினது. ஒவ்வொரு கேன்லயும் நகப்பாலிஷ்ல ஒரு கோடு. முன்னெல்லாம் சுரைப்புருடை, அதாவது காய்ஞ்ச சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் நீச்சல் பழக்குவாங்களாம். அது இப்போ மோட்டார் ரூம் பரண்ல தூசியோட இருக்கு. ஏன் கேனுக்கு மாறினாங்கங்கிறது பெரிய மேட்டர், பின்னாடி வரேன்.

அம்மாயிக்கு வயசு அறுபத்து மூணு. நைட்டிக்கு மேல அப்புச்சியோட பழைய முழுக்கைச் சட்டை, இடுப்புல இறுக்கிக் கட்டின துண்டு. இதுதான் கோச் யூனிஃபார்ம். பேரன் பேத்தி ரெண்டு பேர், அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைங்க அஞ்சு பேர். ஆறு வயசுல இருந்து பதினொண்ணு வரைக்கும். எல்லாருக்குமே அவங்க அம்மாயிதான். ஏழு பேர்ல நாலு பேர் பொண்ணுங்க. 'பொட்டைப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்'னு கேட்டவங்களுக்கு என்ன பதில் சொன்னீங்கன்னு கேட்டேன். "வாய்க்கால் ஆம்பளை பொம்பளை பாக்குதுங்களா?"ன்னாங்க. அதுக்கு மேல பேசலை. தண்ணி திறந்து விட்டா ஒவ்வொரு வருஷமும் எங்கேயாவது ஒரு ஊர்ல இருந்து ஒரு சேதி வரும்னு ரூம்மேட் அப்புறமா சொன்னான்.

காலையில ஏழு மணி. நான் மேட்டுல பத்திரமா வேப்பமர நிழல்ல உட்கார்ந்துக்கிட்டேன், நிருபர்னு ஒரு நோட்டு கையில இருக்கே. அம்மாயி பிள்ளைங்களை வரிசையா உட்கார வெச்சு ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க.

"இன்னைக்கு யாருக்கு எத்தனை பயம்?"

"எனக்குக் கணுக்கால்!"

"முட்டி வரைக்கும், அம்மாயி."

"எனக்கு இடுப்பு."

புரிஞ்சுதா? பயத்துக்குத் தண்ணி மாதிரியே ஆழம் போட்டு வெச்சிருக்காங்க. யார் எவ்வளவு சொல்றாங்களோ, அதுக்கேத்த படியிலதான் அன்னிக்கு ஆரம்பம். கழுத்துன்னு சொன்ன பிள்ளை மேல் படியில உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டே வேடிக்கை பார்க்கலாம், அதுவும் கிளாஸ்தான். யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா அன்னைக்கு அவங்களுக்குத் தண்ணி கட். தள்ளி விட்டா ஒரு வாரம் கட். இந்தச் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது. எல்லாருக்கும் ஒரு நம்பர் இருக்கு. அம்மாயி நினைச்சப்பெல்லாம் "எண்ணு!"ன்னு கத்துவாங்க, ஒண்ணு ரெண்டுன்னு ஏழு வரைக்கும் குரல் வரணும். ஒரு நம்பர் லேட்டானாலும் அவங்க பாதித் தண்ணியில இருப்பாங்க. "முழுகறவன் சினிமாவுல மாதிரி காப்பாத்து காப்பாத்துன்னு கத்த மாட்டான் சாமி. வாயே தண்ணிக்குள்ள கெடக்கும்போது எங்கிருந்து கத்தறது? சத்தம் போடறவனை ஒருக்கா பாரு, சத்தமில்லாதவனை ரெண்டு மடங்கு பாரு." இது ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. நிஜமாவே மூழ்குறது சத்தமில்லாமத்தான் நடக்கும். உயிர்காப்பாளர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க.

இப்போ கேன் மேட்டர். கேனை முதுகுல வெச்சு, மார்புக்குக் கீழே கயித்தால கட்டி, இன்னொரு கயிறு இடுப்புல. அதோட நுனி மேல் படியில இருக்கிற பெரிய பிள்ளை கையில. அம்மாயி தண்ணிக்குள்ள நின்னு வயித்துல கை குடுப்பாங்க. ஒரு அஞ்சு லிட்டர் கேன் முழுசா அமுங்கினா கிட்டத்தட்ட அஞ்சு கிலோ எடையை மேலே தூக்கும், ஆர்க்கிமிடீஸ் உபயம். வளர்ந்த ஆளோட தலையே நாலஞ்சு கிலோதான். ஆக, தலையைத் தண்ணிக்கு வெளியே வெச்சுக்கிற வேலையை ஒத்தைக் கேன் பார்த்துக்கும். இதுவரைக்கும் சிலபஸ். இதுக்கு மேல அம்மாயி சொந்தச் சரக்கு. தினமும் காலையில, பிள்ளையே தன் கேனைத் திறந்து உள்ளே ஒரு டம்ளர் தண்ணி ஊத்தணும். ஒரு டம்ளர் 200 மில்லின்னா 200 கிராம் தூக்குவிசை அவுட். நாளைக்கு இன்னொரு டம்ளர். நகப்பாலிஷ் கோடு அதுக்குத்தான், எதுவரைக்கும் ஊத்தியிருக்குன்னு பிள்ளைக்கே தெரியும். இன்னைக்கு வேண்டாம்னா வேண்டாம், கோடு அப்படியே இருக்கும். ரெண்டு டம்ளர் வெளியே கொட்டிக்கிட்டாலும் யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. சுரைப்புருடையில இந்தக் கணக்கு முடியாது, அதான் பரணுக்குப் போயிடுச்சு.

"நீங்களே ராத்திரி ஊத்தி வெச்சுட்டா அதுங்களுக்குத் தெரியாமலே பழகிடுமே"ன்னு புத்திசாலித்தனமாக் கேட்டேன். அம்மாயி என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "தெரிஞ்சுபோச்சுன்னா?"

ஒரே வார்த்தை. எனக்கு விழுப்புரம் கிணறு ஞாபகம் வந்துடுச்சு.

கடைசியா கை. வயித்துக்குக் கீழே இருக்கிற கையை எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்பாங்க, "விடட்டுமா கண்ணு?" பிள்ளை 'விடு'ன்னு வாயால சொல்லணும். தலையாட்டினா செல்லாது. சொன்னாத்தான் கை நகரும், அதுவும் ஒரு சாண்தான், திரும்பக் கூப்பிட்டா அங்கேயே இருக்கும். ஒரு பொடியன் நாலு நாளா 'இருஇருஇரு'ன்னே ஓட்டிக்கிட்டிருந்தான். நாலு நாளும் அந்தக் கை அப்படியே இருந்துச்சு. அறுபத்து மூணு வயசுல, மார்பளவு தண்ணியில, ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம். அஞ்சாம் நாள் 'விடு'ன்னான். மூணு முழம் போனான். முகத்துல இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

நீங்க கேட்கலாம், 'இதென்னப்பா ஓவர் ஃபீலிங்ஸ், எங்க அப்பா என்னைத் தூக்கிப் போட்டார், நான் கத்துக்கலையா?'ன்னு. இதே கேள்வியோட ரெண்டாம் நாள் ஒருத்தர் வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், கையில ஏழு வயசு மகன். வந்த வேகத்துல பையன் சட்டையைக் கழட்டி, "இதுக்குப் போயி கேனு, டம்ளருன்னு எதுக்குங்க சின்னம்மா? தூக்கிப் போட்டா தானா வருது"ன்னு அவனைத் தூக்கிட்டார். பையன் கத்தலை. அப்பா கழுத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டான், அவ்வளவுதான்.

அம்மாயி படிக்குக் குறுக்கே நின்னுட்டாங்க. "வரும் சாமி. வராமயும் போகும். எங்கய்யன் என்னையும் எங்கண்ணனையும் ஒரே நாள்ல கெணத்துல தூக்கிப் போட்டாரு. நானும் நீந்தி வந்தேன், அவனும் நீந்தி வந்தான். வந்தவன் படியேறிப் போனவன்தான். எழுவது வயசுல செத்தான், அதுவரைக்கும் கெணத்துப் படியில காலு வெக்கலை. மோட்டாருக்கு ஃபுட்வால்வு மாத்தோணும்னாக்கூட காசு குடுத்து ஆளு கூப்புடுவான், விவசாயி!"

அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. அம்மாயி அவரை விரட்டலை. பையனைப் பார்த்து, "கண்ணு, உனக்கு எத்தனை பயம்?"னாங்க. அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். "பயமெல்லாம் இல்லை." அம்மாயி ஒண்ணும் சொல்லலை. திரும்பி அப்பாகிட்ட, "புள்ளைங்க தாகமா இருக்குதுங்க. போயி நாலு இளநி போட்டுட்டு வா சாமி"ன்னு அனுப்பிட்டாங்க. அவர் தென்னைமரப் பக்கம் மறைஞ்சதும் மறுபடி அதே கேள்வி. பையன் இந்தத் தடவை வாயைத் திறக்கலை. கையைத் தூக்கி உச்சந்தலைக்கு மேல வெச்சுக் காட்டினான்.

சத்தியமாச் சொல்றேன், எங்க டிபார்ட்மென்ட்ல சாஃப்ட் ஸ்கில்ஸ்னு ஒரு பேப்பர் உண்டு. 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்'னு டெஃபனிஷன் எழுதி மார்க் வாங்கியிருக்கேன். இளநிக்கு ஆளை அனுப்புறது அந்த நோட்ஸ்ல இல்லை.

அப்பா திரும்பி வரும்போது பையன் ரெண்டாவது படியில கால் நனைச்சு உட்கார்ந்திருந்தான். மறுநாள்தான் அம்மாயி அடுத்த வெடியைப் போட்டாங்க. "நான் புடிக்க மாட்டேன். நீ எறங்கு. அவன் உங்கையை நம்போணும், எங்கையை நம்பி என்ன பண்றது?" அவர் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினார். நல்ல நீச்சல்காரர்தான், ஆனா கையில பிள்ளையை வெச்சுக்கிட்டு அசையாம நிக்கத் தெரியலை. ரெண்டு நிமிஷத்துல, "என்னடா கல்லாட்ட வெறைச்சுக்கற"ன்னு சத்தம். அம்மாயி மேல இருந்து, "அவனைத் திட்டாதே. மூச்சை இழுத்து வெச்சுக்கச் சொல்லு"ன்னாங்க.

இங்கே ஒரு நிமிஷம் இன்ஜினீயரிங் பேச விடுங்க. நுரையீரல் நிறையக் காத்து இருந்தா மனுஷ உடம்போட அடர்த்தி தண்ணியைவிட ஒரு பொடி கம்மி. காத்தை முழுசா விட்டா ஒரு பொடி ஜாஸ்தி. கத்தினா, அழுதா காத்து வெளியே போகுது. பயத்துல கையைத் தண்ணிக்கு மேல தூக்கினா, அந்தக் கையை அதுவரைக்கும் தாங்கின தண்ணி தாங்காது, அந்த எடையும் சேர்ந்து உங்களை அமுக்கும். பயந்தவன் முழுகுறதும் நம்பினவன் மிதக்குறதும் சும்மா பேச்சுக்கு இல்லை பாஸ், இயற்பியல். இதை நான் புக்ல படிச்சிருந்தேன். அந்தப் பையன் உடம்புலதான் பார்த்தேன். அப்பா குரல் இறங்க இறங்க முதுகு இளகுச்சு, இடுப்பு மேலே வந்துச்சு. அப்புறம் அவர், வாழ்க்கையிலயே முதல் தடவையா இருக்கும், மகன்கிட்ட அனுமதி கேட்டார். அதுக்கே அவருக்கு வெட்கம். கிட்டத்தட்ட காதுக்குள்ள, "விடட்டுமாடா?"

"வேண்டாங்ப்பா."

விடலை. அன்னிக்கு முழுக்க விடலை.

இது ஏதோ ஒரு கிணத்துக் கதைன்னு நினைச்சுடாதீங்க. ஹாஸ்டல் திரும்பின பிறகு தேடிப் படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 2024-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-ல மட்டும் உலகம் முழுக்கத் தண்ணியில மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம் பேர். அதுல கிட்டத்தட்ட நாலில் ஒருத்தர் அஞ்சு வயசு நிரம்பாத குழந்தை. ஜூலை 25-ஐ மூழ்கல் தடுப்பு தினமா ஐ.நா. 2021-ல அறிவிச்சிருக்கு. ஆறும் குளமும் நிறைஞ்ச வங்கதேசத்துல, ஊர்க் குளத்துலயே மூங்கில்ல மேடை கட்டி, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி குடுத்து, அவங்களை வெச்சே பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றாங்க. டைல்ஸ் போட்ட குளம் வேணும், கோச் வேணும்னு காத்திருக்கலை. அங்கே இன்னொண்ணும் சொல்லித் தர்றாங்க. முழுகுறவனைக் காப்பாத்தக் குதிக்காதே, கரையில இருந்து கம்பையோ கயிறையோ நீட்டு. அம்மாயி கிளாஸ்லயும் கடைசிப் பத்து நிமிஷம் இதுதான். ஏழு பேரும் கரையில நின்னு துண்டை முறுக்கி வீசணும். காப்பாத்தப் போனவனும் சேர்ந்து போற கதையை எத்தனை செய்தியில பார்த்திருப்பீங்க! வாய்க்கால்ல மட்டும் இறங்கவே கூடாது, நீச்சல் தெரிஞ்சாலும் சரி. ஓடுற தண்ணி வேற, நிக்குற தண்ணி வேற.

சரி, என் கதைக்கு வரேன். தப்பிச்சுடலாம்னுதான் பார்த்தேன். மூணாம் நாள் சாயங்காலம் அம்மாயியோட பேத்தி, வயசு எட்டு, நோட்டைப் பிடுங்கி வெச்சுட்டுக் கேட்டா. "அண்ணா, உங்களுக்கு எத்தனை பயம்?"

"கணுக்கால்."

"பொய்."

அம்மாயி மோட்டார் ரூம் நிழல்ல இருந்து திரும்பிக்கூடப் பார்க்காம, "கழுத்து"ன்னாங்க. யாரும் சிரிக்கலை. சட்டம் எனக்கும் செல்லுமாம்.

ஆறடி ஆளுக்கு ரெண்டு கேன் கட்டினாங்க. எனக்குப் பக்கத்துப் படியில ஆறு வயசுப் பொடியன் உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டு, 'இந்தப் படி வழுக்கும்ணா, அந்தப் படி பரவால்ல'ன்னு சீனியர் மாதிரி டிப்ஸ். முதல் நாள் இடுப்பளவு. ரெண்டாம் நாள் மார்பளவு. மூணாம் நாள் கால் தரையை விட்டுச்சு. வயித்துக்குக் கீழே ஒரு சொரசொரப்பான கை. வேப்பமரமும் வானமும் தலைகீழா ஆடுது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் தண்ணி வழியா எனக்கே கேட்குது.

"விடட்டுமா கண்ணு?"

இருபது வயசு. மீசை வெச்சிருக்கேன். வோட்டுப் போட்டிருக்கேன். மேட்டுல ஏழு பிள்ளைங்க, ஒரு அப்பா, என் ரூம்மேட் எல்லாரும் பார்க்குறாங்க. பன்னிரண்டு வருஷமா நான் எதிர்பார்த்த கேள்வி இது. எட்டு வயசுல யாராவது இதைக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன். இப்போ கேட்டுட்டாங்க.

"வேண்டாம் அம்மாயி."

"செரி."

கை அங்கேயே இருந்துச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு. ஆனா அந்த 'செரி'க்கு அப்புறம் என் கழுத்து தானா இளகி, தலை பின்னாடி சாய்ஞ்சு, காது வரைக்கும் தண்ணி வந்துச்சு. தண்ணிக்குள்ள காது போனா ஊரே அமைதியாயிடும், கேள்விப்பட்டிருக்கீங்களா? எனக்கு அது அன்னிக்குத்தான் தெரியும்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் 'விடுங்க'ன்னேன். பிள்ளைங்க ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினாங்க. பதினொண்ணு வரைக்கும் மிதந்தேன், ரெண்டு கேனோடதான். பன்னிரண்டுல பதறிப்போய்க் கூப்பிட்டேன். கை வந்துடுச்சு. நீச்சல் கத்துக்கிட்டேன்னு உங்ககிட்ட ரீல் விட மாட்டேன். இன்னும் கேன்ல ஒரு டம்ளர்கூட ஊத்தலை.

நீங்க அந்தப் பக்கம் போறதா இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணுல பட்ட கிணத்துல எல்லாம் குதிச்சு வீடியோ எடுக்காதீங்க. உள்ளே பாறை எங்கே நீட்டிக்கிட்டிருக்கு, மோட்டார் வயர் எங்கே போகுதுன்னு தோட்டத்துக்காரங்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது குன்னத்தூர் தாண்டினதும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவர் இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார். ஆறு வயசுல ஒரு பையன். எங்கே போயிட்டு வரேன்னு சொன்னேன். கேன், டம்ளர், 'விடட்டுமா' எல்லாம் சொன்னேன். அந்தப் பழைய கிணத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. கடைசியா, "உங்களுக்கு யார் சித்தப்பா நீச்சல் கத்துக் குடுத்தது?"ன்னு மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பஸ் சத்தம்தான். லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்.

"உங்க தாத்தாதான். தூக்கிப் போட்டார்"னார். அப்புறம், "அந்தம்மா ஞாயித்துக்கிழமையிலயும் சொல்லித் தருவாங்களாடா?"

தருவாங்க, ஆனா மே மாசம் தாண்டினா கிணத்துல தண்ணி இறங்கிடும், சீக்கிரம் வாங்கன்னு சொன்னேன். பெருமாநல்லூர் ஸ்டாப்பிங் வந்துடுச்சு. அங்கே இருந்து திருப்பூர் பக்கம்தான். பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன்.